பெயர் போடாத பதினொரு துணிகள்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் குளிர்நாட்டில் தும்மலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? அண்ணன் இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறாரா, இல்லை மாத்திரைப் பட்டையை ஜன்னலில் அழகுக்கு வைத்திருக்கிறாரா?

உங்கள் தையல் தொழிற்சாலை கேட்டிலேயே போனை வாங்கித் திறந்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இனி எல்லாம் கடிதத்திலேயே பேசுவோம். கைவேலைப் பிரிவுப் பெண்கள் எழுதிய புகாரை வரிக்கு வரி மொழிபெயர்த்து எங்கள் பெண்ணுரிமை அமைப்பின் இயக்குநர் அம்மாவிடம் கொடுத்தேன். ஃப்ளோர் மேனேஜர் இடக்கைக்காரியை ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்திய இடம் வந்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

இந்தப் புகாரை உங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனிக்கு அனுப்பினால் ஃபைலோடு ஃபைலாகக் கிடக்கும் என்கிறார். அதனால் அவருக்கு வேறு யோசனை. ஒவ்வொரு பெண்ணும் ஒரு சாண் துணியில் தனக்கு நடந்ததை எம்பிராய்டரி செய்து அனுப்ப வேண்டும். மே மாதம் எட்டு நாட்டுப் பெண்களுக்கான பெரிய கண்காட்சி இங்கே நடக்கிறது. அதில் தொங்கவிடுவார்கள், அந்தக் கம்பெனிக்காரர்களையும் கூப்பிடுவார்கள். பெயர் இருக்காது, முகம் இருக்காது, யார் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. எல்லாரிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்பு மாறாத,
உங்கள் வாயாடி


ஜனவரி 29

என் வாயாடி நாத்தனாருக்கு,

கண் எரிகிறதுதான். ஒரு நாளைக்கு முந்நூறு உருப்படி பார்த்தால் எரியாமல் குளிருமா? உன் அண்ணன் மாத்திரையை முழுங்குகிறார், கூடவே என் உயிரையும் வாங்குகிறார். அவருக்கு ஒன்றும் இல்லை, நீ கவலைப்படாதே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சொன்னேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆளை எங்கள் மாடியிலிருந்து மாற்றுங்கள். அதற்கு எட்டு நாட்டைக் கூட்டுவானேன்? பகல் முழுக்க ஊசி பிடிப்பவள் வீட்டுக்குப் போயும் ஊசி பிடிக்கணுமாம், நல்ல கூத்து. ஆனால் இடக்கைக்காரிதான் பிடித்த பிடியாக நின்றாள். "தாள்ல எழுதினா எவன் படிக்கிறான்க்கா? நம்ம கைக்கு ஒரு மதிப்பு இருக்கில்ல, அதைப் பாக்கட்டும்"னாள். அவளோடு பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் தைக்கப் போவதில்லை. செக்கிங் மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் வரும்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். தொங்கவிடுங்கள், ஆயிரம் பேர் வந்து பார்க்கட்டும். போட்டோ மட்டும் எடுக்கவே கூடாது. பெயர் போடாவிட்டால் என்ன, கை தெரிந்துவிடும். ஒருத்தி முடிச்சை இரண்டு தடவை போடுவாள், ஒருத்தி நூலை இறுக்குவாள், இடக்கைக்காரியின் தையலெல்லாம் எதிர்ப்பக்கம் சாயும். உருப்படியில் கட்டிய பெயர்ச் சீட்டைப் பார்க்காமலே நான் ஆளைச் சொல்வேன் என்று உனக்கே தெரியும். படம் அங்கிருந்து இங்கே வந்தால் தொலைந்தோம். இதை உன் இயக்குநர் அம்மாவிடம் அழுத்திச் சொல்லிவிட்டுப் பதில் போடு. அதன் பிறகுதான் துணி வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

தும்மல் போய் இருமல் வந்திருக்கிறது. வேளைக்குத்தான் சாப்பிடுகிறேன், சத்தியம்.

போட்டோ கிடையாது. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக அனுப்புங்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கே கூட்டத்துக்குக் கூட்டம் என்னை எழுப்பி நிறுத்தி, "களத்திலிருந்து வந்த குரல்" என்று அறிமுகம் செய்கிறார்கள். களத்தைப் பார்த்து எனக்கு ஆறு வருடம் ஆகிறது, அண்ணி. குரலும் இப்போது இருமலோடுதான் வருகிறது. உங்களைப் பற்றிப் பேசும்போது "பேச முடியாத பெண்கள்" என்கிறார் இயக்குநர். உங்களைப் போய்ப் பேச முடியாதவர் என்றால் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து வேலை பார்க்கிறார்கள். ஆனால் நாம் ஒன்று கேட்டால் அவர்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று தரத் துடிக்கிறார்கள். கேட்டதை மட்டும் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் வேலை ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வாயாடி


மார்ச் 13

என் வாயாடிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. அங்கே வெந்நீருமா கிடைக்காது? இங்கே இருவரும் நலம்.

பதினொரு துணிகளையும் மடித்து அனுப்பியிருக்கிறேன். எல்லாம் எங்கள் வீட்டு அறையில்தான் நடந்தது. உன் அண்ணனை வாசலுக்குத் துரத்திவிட்டு ஆறு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தைத்தார்கள். முதல் ஞாயிறு யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒருத்தி அழ, இன்னொருத்தி அந்த ஆள் நடப்பதைப் போல நடந்து காட்ட, அழுதவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு வருடம் ஒரே மாடியில் இருந்தும் ஒருத்திக்கு நடந்தது இன்னொருத்திக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, பாரேன். நான் அவர்களுக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இடக்கைக்காரி ஒரு கதவை மட்டும் தைத்திருக்கிறாள். சங்கிலித் தையலில் தாழ்ப்பாள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக்காரி பூ போட்டிருக்கிறாள். "என்னடி இது, மேஜை விரிப்பா?"ன்னு கேட்டேன். "நடந்ததைத் தைக்கக் கை வரலக்கா. பூன்னா கை தானா போகுது"ன்னாள். அதையும் வைத்திருக்கிறேன்.

பத்திரமாக வந்து சேர்ந்ததும் எழுது. போட்டோ விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

உன் அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் நலம்தானே?

துணிகள் ஏப்ரலிலேயே வந்துவிட்டன. உடனே எழுதாததற்குத் திட்டாதீர்கள், மூச்சுவிட நேரமில்லை. கண்காட்சி நன்றாக நடந்தது. நான்கு நாளில் மூவாயிரம் பேர். உங்கள் துணிகளுக்கு முன்னால்தான் அதிகக் கூட்டம். அந்தக் கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் வந்து கைகட்டி நின்றார்கள். தொழிற்சாலையில் விசாரணை வைப்பதாக எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு துணிக்குக் கீழேயும் ஒரு அட்டை வைத்தார்கள். பூவுக்கு "அடக்குமுறைக்கு நடுவிலும் மலரும் எதிர்ப்பு" என்று போட்டார்கள். கை வரவில்லை என்றுதான் போட்டாள் என்று சொன்னேன். அதுவும் எதிர்ப்புதான் என்றார் இயக்குநர். வீட்டிலும் கணவன்மாரால் நசுக்கப்படுகிறவர்கள் என்று ஒரு அட்டையில் இருந்தது. எங்கள் அண்ணன் அண்ணிக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பவர் என்றேன். எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள், அட்டை மாறவில்லை.

எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தம் நீட்டிவிட்டார்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு என்ன? அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் பேச்சுக் குறைஞ்சிருக்கு"ன்னார். உங்களுக்குப் பேச்சுக் குறைந்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஆளை மாற்றிவிட்டார்களா? விசாரணை என்ன ஆயிற்று? இரண்டே வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் வாயாடி


ஜூலை 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

விசாரணை நடந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து கீழே ஆபீஸ் அறையில் இரண்டு நாள் இருந்தார்கள், போய்விட்டார்கள். அந்த ஆள் அதே மாடியில்தான் இருக்கிறார். இடக்கைக்காரியும் மற்ற பத்துப் பேரும் இப்போது வேலைக்கு வருவதில்லை. என்னைச் செக்கிங்குக்குத் தலைமையாக்கி இருக்கிறார்கள். சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி. கண் எரிச்சல் குறைந்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

"அன்புள்ள நாத்தனாருக்கு" என்று நீங்கள் எனக்கு எழுதி நான் பார்த்ததே இல்லை.

நான் ஒரு பொய் சொன்னேன், அண்ணி. போட்டோ கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லத்தான் நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு கூட்டம், மார்ச்சில் ஒரு கூட்டம், ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை என்று விட்டேன். யாரை நீட்டிப்பது, யாரை அனுப்புவது என்று பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. இது முடியாது, அது கூடாது என்று சொல்கிறவளாக இருக்க நான் பயந்தேன். போட்டோக்காரர் வந்தபோது துணியைச் சுருக்கம் இல்லாமல் விரித்துப் பிடித்தவளும் நான்தான். "கிட்டப் போய் எடுங்க, ஒவ்வொரு முடிச்சும் தெரியணும்" என்றார் இயக்குநர். அழகான புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒன்றை அந்தக் கம்பெனிக்காரர்கள் விசாரணைக்காகக் கையோடு எடுத்துப் போனார்கள்.

பதினொரு பேரையும் துரத்திவிட்டார்களா? அந்த மேனேஜருக்குத் தையலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியுமா? அவனுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அப்படியானால் யார் சொன்னது?

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


செப்டம்பர் 14

என் வாயாடிக்கு,

திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. ஏன் என்று கேள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கீழே இறங்கிய பிறகு அந்த ஆள் என் மேஜைக்கு வந்தார். அந்தப் புத்தகத்தை உருப்படிகளுக்கு மேலேயே வைத்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. தினமும் ஒரு பழுது உருப்படியை நீட்டிக் கேட்பாரே, அதே மாதிரி முதல் பக்கத்தைத் திருப்பி, "இது யார் கை?"ன்னு கேட்டார்.

நல்ல படம்டி அது. ஊசி போன ஓட்டைகூடத் தெரிந்தது.

தெரியாது என்றேன். "பதினெட்டு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்க, உனக்குத் தெரியாதா? சரி, அப்போ உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு எழுதிடறேன். நாளையிலிருந்து வர வேண்டாம்"னார். நான் இடக்கைக்காரியிலிருந்து ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல், சின்னக் குழந்தைக்கும் தெரியும், நான் சொன்னால் என்ன சொல்லாவிட்டால் என்ன என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். நான் சொன்னேன். திரும்பத் திரும்பத் திருப்பினார். நடுவில் ஒரு தடவை அவர் ஒருத்தியின் பெயரைத் தப்பாக எழுதினார். அது அவள் இல்லை, அவள் முடிச்சு ஒற்றை முடிச்சு என்று நானே திருத்தினேன். அந்தப் பழக்கத்தை நினைத்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பூ வந்ததும், இதை என்னுடையது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரி என்றேன்.

உன் அண்ணன் இடுப்பு வைத்தியத்துக்காகச் செய்தேன் என்று உன்னிடம் எழுதலாம். மிச்சமிருக்கும் ஐம்பது பேரைக் காப்பாற்றச் செய்தேன் என்றும் எழுதலாம். இரண்டும் பொய். பயந்தேன், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் எழுந்து போக இடமில்லை என்று மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் பதினொரு பேரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். புகார் கொடுத்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லாததால் விசாரணை முடிக்கப்பட்டது என்று கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டுப் போனார்கள்.

இடக்கைக்காரி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். வேறு எந்தத் தொழிற்சாலையிலும் அவளை உள்ளே விடவில்லை. எங்கள் அறையில் உட்கார்ந்து, "யாருக்கா காட்டிக் குடுத்திருப்பா? நம்ம பதினோரு பேர்ல ஒருத்திதான். உள்ள இருந்துக்கிட்டே செஞ்சிருக்கா"ன்னு ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி யோசிக்கிறாள். இப்போது அவர்களுக்குள்ளே பேச்சுவார்த்தை இல்லை. நடந்ததைத் தைக்காமல் பூப் போட்டதால் மூக்குக்கண்ணாடிக்காரி மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம்; தைக்க வீடு கொடுத்த என் மேல் யாருக்கும் வரவில்லை. நான் தேநீர் கொடுத்து, தெரியலையேம்மா என்கிறேன்.

நீ செய்ததை நீ சொன்னாய். நான் செய்ததை நான் சொல்லிவிட்டேன். யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணி


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு வாரம் ஆகிறது. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பக்கங்களை உங்கள் மேஜைக்கு அனுப்பியவளே நான்தானே.

ஆனால் இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். ஜனவரியில் இங்கே பெரிய மாநாடு. வேலை போன பெண்களில் ஒருவரை மேடையில் பேச வைக்க வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார். யார் வருவது என்று நாம் முடிவு செய்யக் கூடாது, அவர்களே முடிவு செய்யட்டும் என்று முதல் தடவையாக நான் வாயைத் திறந்து சண்டை போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். இடக்கைக்காரியின் விலாசத்துக்கு எழுதினோம். நேற்று பதில் வந்தது.

பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "எங்களுக்குள்ளே ஒருத்தரை ஒருத்தர் நம்ப முடியலை. யாரை அனுப்பினாலும் மற்றவங்க ஒத்துக்க மாட்டாங்க. நாங்க பதினோரு பேரும் நம்புற ஒரே ஆள் அக்காதான். அவங்களையே கூப்பிடுங்க" என்று எழுதியிருக்கிறார்கள். நான்தான் அதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லை மாற்றவில்லை. இயக்குநர் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுத்துவிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அண்ணி. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். உங்கள் காரணத்தைச் சொன்னால் என்னுடையதும் வெளியே வரும். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன பேச வேண்டும் என்பதை நானே எழுதித் தருகிறேன்.

அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உங்கள் வாயாடி


நவம்பர் 2

என் வாயாடிக்கு,

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவருக்கு இடுப்பு வலிகூட மறந்துபோயிற்று.

போன வாரம் வேலையை விட்டுவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. "எங்களுக்காக வேலையையே விட்டுட்டீங்களேக்கா"ன்னு இடக்கைக்காரி ஒரே அழுகை. என் இடத்தில் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்களாம். அந்த ஆள் அவளைத்தான் இப்போது ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிடுகிறாராம்.

நேற்று எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரி மட்டும் வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை. அங்கே குளிருமே என்று இடக்கைக்காரி தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். தோளில் அளவு பெரிதாக இருந்தது. "நில்லுங்கக்கா, அசையாதீங்க"ன்னு என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி, போட்டபடியே பிடித்துத் தைத்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலைக் கடித்துவிட்டு, "எங்களால பேச முடியாது. நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்கக்கா"ன்னாள்.

சரி என்று தலையாட்டினேன். நீ பேச்சை எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

உன் அண்ணி